அடைக்கலம் போன குறட்டை

தாமிரபரணி ஒரு வளைவு வளைந்து, இனி என்ன அவசரம் என்று மெதுவாக நடக்கத் தொடங்கும் இடத்தில் கிடந்தநல்லூர் இருக்கிறது. அந்த ஊர்ப் பெருமாளுக்குக் கிடந்தபிரான் என்று பெயர், பாம்பணையில் ஒய்யாரமாகப் படுத்துக் கிடப்பவர். சாமியே படுத்துக் கிடக்கும் ஊரில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மனுஷன் கொஞ்சம் காலை நீட்டுவதை யாரும் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. அப்பேர்ப்பட்ட ஊரில், ஆனி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடித்த கையோடு, தையற்காரி செண்பகவல்லி தன் புருஷனுடைய குறட்டையை விளக்குமாற்றால் அடித்து வீட்டைவிட்டு வெளியே துரத்தினாள்.

துரத்தியதில் தப்பு சொல்ல முடியாது. கல்யாணமான நாள் முதல் அவள் அந்தக் குறட்டையோடுதான் குடித்தனம் நடத்தினாள். புருஷன் ஆவுடையப்பன் மினிபஸ் ஓட்டுகிறவன், அகலமான ஆள், கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது. அவன் படுத்தால் முதலில் மாவரைக்கிற சத்தம் வரும், அப்புறம் மரம் அறுக்கிற சத்தம் வரும், அப்புறம் யாரோ ஒரு கனத்த மேசையை மாடியில் இழுத்துக்கொண்டு போகிற சத்தம் வரும், அப்புறம் ஒன்றுமே வராது. அந்த ஒன்றுமே வராத இடம்தான் செண்பகவல்லியின் இடம். எத்தனை ஆழ்ந்த தூக்கத்தில் இருந்தாலும் அந்த அமைதி அவளை எழுப்பிவிடும். அவள் கண்ணைத் திறக்காமலே முழங்கையால் அவன் விலாவில் ஓர் இடி இடித்து, "ஏங்க, திரும்பிப் படுங்க" என்பாள். அவனும் கண்ணைத் திறக்காமலே இடது பக்கம் திரும்புவான். மேசை மறுபடி நகர ஆரம்பிக்கும், அவள் தூக்கமும் விட்ட இடத்திலிருந்து தொடரும். வீடு ரைஸ்மில்லை ஒட்டி இருந்ததால் அக்கம்பக்கத்தில் எல்லோரும் அதை மில் ஓடுகிற சத்தம் என்றே நினைத்திருந்தார்கள்.

ராத்திரி முழுக்க அப்படி மேசை இழுத்தவனுக்குப் பகலில் கண் சொருகாமல் இருக்குமா? ஒருநாள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண்ணயர்ந்து, மினிபஸ்ஸைக் கோயில் தெப்பக்குளத்துப் படிகளில் இறக்கி, தண்ணீர் முன்சக்கரத்தைத் தொட்ட பிறகுதான் விழித்தான். பயணிகள் இறங்கிக் கால் நனைத்து, வந்ததே வந்தோம் என்று பெருமாளையும் சேவித்துவிட்டுப் போனார்கள். செண்பகவல்லிக்கு அப்படி விட முடியவில்லை. அவள் அவனைப் பாளையங்கோட்டைக்கு, தூக்கத்துக்கென்றே வைத்தியம் பார்க்கிற டாக்டர் ஜெபராணியிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் ஜெபராணி சிரிப்பைச் செலவழிக்காத அம்மாள். ஒரு ராத்திரி அவனை ஆஸ்பத்திரியிலேயே படுக்கப் போட்டு, தலையிலும் மார்பிலும் காலிலும் ஒயர் ஒட்டி, விரலில் கிளிப் மாட்டி, அவன் தூங்குவதை மிஷினில் வரைந்து பார்த்தாள்.

"இவரு நல்லாத் தூங்குதாருன்னுதானே அக்கா நெனச்சிட்டிருந்தீங்க? இது தூங்குத சத்தம் இல்ல, மூச்சு முட்டுத சத்தம்," என்றாள் மறுநாள். "தொண்டைச் சதை தளந்து மூச்சுப் பாதைய அடைச்சிருது. மூச்சு நின்னுருது. ரத்தத்துல ஆக்சிஜன் எறங்குது. மூளை பதறி உலுக்கி எழுப்பி விடுது. ராத்திரி பூரா இதே கூத்துதான். இப்படியே விட்டா ஒருநாள் நெஞ்சு தாங்காது."

செண்பகவல்லி அங்கேயே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் ஒரு காற்று மிஷினும், அதிலிருந்து நீளும் குழாயும், மூக்கில் மாட்டிக்கொள்ளும் முகமூடியும் கொடுத்து அனுப்பினாள்.

அன்று ராத்திரி குறட்டை வழக்கம்போல் வந்தது. மூக்கு வாசலில் முகமூடி இருந்தது. முகமூடிக்குள் காற்று நின்று இடமில்லை என்றது. பாவம், அது எங்கே போகும்? இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே சுற்றியது. பீரோவுக்குப் பின்னால் கிடந்து உறுமியது, கிரைண்டருக்குள் இறங்கி அரிசி போடாமலே அரைத்தது, தையல் மிஷின் பெட்டிக்குள் புகுந்து பாபின்களை உருட்டியது. மூன்றாம் நாள் காலையில் செண்பகவல்லி கோலப்பொடி டப்பாவைத் திறக்க, அதற்குள்ளிருந்து புஸ்ஸென்று மாவைக் கிளப்பி அவள் முகத்தில் அடித்தது. "சவம், என் புருசன் நெஞ்ச நிறுத்தப் பாத்தது பத்தாதா?" என்று விளக்குமாற்றை எடுத்தாள். குறட்டை தெருவில் இறங்கி, நாய்கள் குரைக்க, மாடு ஒன்று விலகி வழிவிட, தேரடியில் சற்று நின்று இருபுறமும் பார்த்து, திறந்திருந்த கோயில் வாசலுக்குள் போய்விட்டது.

அன்று உச்சிக்கால பூஜை முடித்து நடையைச் சாத்திய வரது பட்டர், தலைமுடி கறுப்பாக இருந்த காலம் தொட்டுச் சொல்லிவருகிறபடி, "பெருமாள் சயனம், யாரும் சத்தம் போடப்படாது" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து மாவரைத்தது. பிறகு மரம் அறுத்தது. பிறகு மேசை நகர்ந்தது. பட்டர் அப்படியே படியில் உட்கார்ந்து, "தூங்கறார்னு சொன்னேனே! நான் சொன்னேனே!" என்று குழந்தைபோல் அழுதார்.

ஊருக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்கவில்லை. படுத்துக் கிடக்கிறவர் குறட்டை விடுகிறார், இத்தனை காலம் விடாததுதான் யோசிக்க வேண்டிய விஷயம் என்று பேசிக்கொண்டார்கள். நடை சாத்தியிருக்கும் மதிய வேளையில் தேரோடும் வீதியில் ஹாரன் அடிக்கக் கூடாது என்று அறங்காவலர் வைகுண்டம் அண்ணாச்சி போர்டு எழுதி வைத்தார். பள்ளிக்கூட மணியைத் துணி சுற்றி அடித்தார்கள். கண், கை, கால் என்று வெள்ளித் தகட்டுக் காணிக்கை விற்கிற கடையில் வெள்ளி மூக்கும் வந்து தொங்கியது. மாத்திரை போட்டும் தூக்கம் வராதவர்கள், கடன்காரனுக்குப் பயந்து தூக்கத்தைத் தொலைத்தவர்கள், செல்போனைப் பார்த்துப் பார்த்துத் தூங்க மறந்தவர்கள் எல்லோரும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து தலையணையோடு வந்து மண்டபத்தில் வரிசையாகப் படுத்து, அந்தச் சத்தத்தில் அடித்துப் போட்டதுபோல் தூங்கி, நடை திறக்கும்போது கன்னத்தில் கல்தூண் வரி பதிய எழுந்து போனார்கள்.

ஆவுடையப்பனும் ஒருநாள் போய்க் கேட்டான். உலகத்தில் அந்தக் குறட்டையைக் காதால் கேட்டிராத ஒரே ஆள் அவன்தான். "என்ன கம்பீரம்ளா! சாமின்னா சாமிதான்," என்று வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் கன்னத்தில் போட்டுக்கொண்டான். செண்பகவல்லி தலையில் அடித்துக்கொண்டாள், சிரிக்கவில்லை.

சிரிக்கிற நிலையில் அவள் இல்லை. குறட்டை போன நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. ஆவுடையப்பன் முகமூடியை மாட்டிக்கொண்டு பச்சைப் பிள்ளை மாதிரி தூங்கினான், விடிந்ததும் துள்ளி எழுந்து ஆற்றுப் பாலம்வரை நடந்துவிட்டு வந்தான், பல் விளக்கும்போது பாட்டெல்லாம் பாடினான். பக்கத்தில் படுத்திருந்தவளுக்கோ ராத்திரி முழுக்க அந்த ஒன்றுமே வராத இடம்தான். விலாவில் இடித்தால் அவன் திரும்பிப் படுத்தான், அப்போதும் சத்தம் இல்லை. மூச்சு இருக்கிறதா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பாள், இருக்கும், விரலை எடுத்ததும் இல்லாததுபோல் தோன்றும், மறுபடி வைப்பாள். பகலில் கண் எரியத் தையல் மிஷினில் உட்கார்ந்து, ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கைக்கு மூன்று கை வைத்துக் கழுத்தே இல்லாமல் தைத்துக் கொடுத்தாள். மறுவாரம் ஊசி அவள் கட்டைவிரல் நகத்தில் ஏறி இறங்கியது. கைதானே அவள் பிழைப்பு. அன்றைக்குத்தான் அவள் உண்மையாகவே பயந்தாள்.

விரலில் கட்டோடு, யாரும் பார்க்காதபடி முக்காடு போட்டு, மதியம் கோயில் மண்டபத்துக்குப் போனாள். கதவுக்குப் பின்னால் மேசை நகர்ந்தது. 'இங்கேதான் இருக்கியா, மூதேவி,' என்று மனசுக்குள் வைதாள். வைதுகொண்டே தூணில் சாய்ந்தவள், நடை திறந்து மணியடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. அதன்பிறகு தினமும் போனாள்.

ஊருக்கு இருந்த ஒரே கவலை, நடுவில் குறட்டை நின்றுபோவதுதான். அது நிற்கும்போது மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும்; பட்டர் கதவில் காதை வைப்பார்; மறுபடி வந்ததும் "கோவிந்தா!" என்று எல்லோரும் ஒரே மூச்சாய் விடுவார்கள். நெய் வழியும் பொங்கல் அமுது செய்த மறுநாள் பெருமாளுக்குச் சுக்குக் கஷாயம் கொடுப்பது அந்தக் கோயில் வழக்கம். பட்டர் அதையே காரம் கூட்டி, திப்பிலி சேர்த்து, தினமும் கொடுத்துப் பார்த்தார். குணம் தெரியவில்லை.

"கைவைத்தியம் போதும் சாமி," என்றார் வைகுண்டம் அண்ணாச்சி. அவர் நல்ல மனுஷன், ஒரு காரியத்தில் இறங்கினால் பாதியில் விடமாட்டார்; அவரிடம் இருந்த கோளாறும் அதுதான். "நம்ம வீட்டுப் பெரியவருன்னா சும்மா விட்டுருவமா? ஸ்பெசலிஸ்ட்டுட்ட காட்டணும்லா?"

டாக்டர் ஜெபராணி வந்தாள். மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்து கேட்டாள். மாவு, மரம், மேசை, ஒன்றுமில்லை. இந்த வரிசையை அவள் ஒரு ராத்திரி முழுக்க மிஷினில் பார்த்தவள்; யாருடையது என்று உடனே தெரிந்துவிட்டது. ஆனால் ஒரு நோயாளியின் விஷயத்தை ஊர் முன்னால் சொல்வது அவள் தொழிலில் கிடையாது. அதனால் தூணில் சாய்ந்து தூங்கும் செண்பகவல்லியை ஒருதரம் பார்த்துவிட்டு, பொதுவாகச் சொல்லி வைப்போம் என்று சொன்னாள்.

"இந்த மாதிரிக் குறட்டைக்குப் பொதுவா எடை கொறைக்கச் சொல்லுவோம். நெய்யி, இனிப்பு ஆகாது. தெனம் நடக்கணும். மல்லாந்து படுக்காம ஒருக்களிச்சுப் படுக்கணும்."

அண்ணாச்சி அத்தனையையும் அப்படியே நிறைவேற்றினார். உற்சவ மூர்த்தியைத் தினமும் காலையில் பல்லக்கில் ஏற்றி நான்கு வீதியும் வேகநடையாகச் சுற்றிவரச் செய்தார். பல்லக்குத் தூக்கிகள் நால்வரும் இளைத்தார்கள். சர்க்கரைப் பொங்கலை நிறுத்தி, உப்பில்லாத சிறுபயறு சுண்டல் நைவேத்தியம் ஆக்கினார். பிரசாத வரிசையில் நின்ற ஊர் அந்தச் சுண்டலை வாயில் போட்டு, முகத்தைச் சுளிக்கவும் முடியாமல் முழுங்கவும் முடியாமல் நின்றது. பெருமாளுக்காகப் பொறுத்துக்கொண்டார்கள், ஆனால் எத்தனை நாளைக்கு? சீக்கிரம் ஒரு முடிவு கட்டுங்கள் அண்ணாச்சி என்று நெருக்கினார்கள். ஆவுடையப்பன் வேறு, ஊருக்கு உபகாரமாக, அண்ணாச்சியின் வீட்டுக்கே போய்த் தன் காற்று மிஷினின் பெருமையை விஸ்தாரமாகச் சொல்லிவிட்டு வந்தான்.

அண்ணாச்சி முடிவு கட்டினார். சாமிக்கு வெள்ளிக் கவசம் சாத்துவது எங்கும் உள்ளதுதானே? தூய வெள்ளியில், பெருமாளின் திருமூக்குக்கு அளவெடுத்து, சங்கும் சக்கரமும் பொறித்து, வெள்ளிக் குழாயோடு ஒரு முகமூடிக் கவசம் ஆசாரியிடம் செய்யச் சொன்னார். திருநெல்வேலியிலிருந்து காற்று மிஷினுக்கும் சொல்லியாயிற்று. ஆவணி முதல் ஞாயிறு, நல்ல நேரத்தில் சாத்துபடி என்று நோட்டீஸ் அடித்து ஒட்டினார்.

செண்பகவல்லி அந்த நோட்டீஸை இரண்டு தரம் படித்தாள். பெருமாள் மூக்கிலும் முகமூடி ஏறினால் குறட்டை எங்கே போகும்? அதற்குத் தெரிந்த வீடு ஒன்றே ஒன்றுதான். ஆவுடையப்பன் மதியம் சாப்பிட்டுவிட்டு, பஸ் சீட்டில் முகமூடி இல்லாமல்தான் கண்ணயருவான். அது நேரே வந்து ஏறிக்கொள்ளும். பஸ் ஏறி டாக்டரிடம் ஓடினாள்.

"அது எங்க வீட்டுக் குறட்டை டாக்டரம்மா. நான்தான் வெளக்குமாத்தால அடிச்சுத் தொரத்துனேன்."

"தெரியும்க்கா. நான் சொல்லக் கூடாது. நீங்க சொல்லலாம்."

"எப்படிச் சொல்லுவேன்? ஊரே சாமின்னு கும்பிடுது. பட்டரு சாமி அழுதாரு. சொன்னா எங்க ரெண்டு பேரையும் ஊருல வச்சிருப்பாவளா? அதுவும் போயிட்டா எனக்குத் தூக்கமும் போயிரும். அது இவுககிட்ட திரும்பி வந்துட்டா..." மேசையில் தலையை வைத்து அழுதாள்.

டாக்டர் அவளுக்குத் தண்ணீர் கொடுத்து, கட்டுப் போட்ட விரலைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "மத்தியானம் கோயில்ல தூங்குதத நிறுத்துங்க. பகல்ல தூங்குனா ராத்திரித் தூக்கம் எப்படி வரும்? ஒண்ணு கேக்கேன் அக்கா. இத்தன வருசமா நீங்க தூங்குனதா நெனைக்கீங்களா? காவல் காத்தீங்க. அவரு மூச்சுக்கு நீங்கதான் வாட்ச்மேன். இப்ப மிஷின் வந்து அந்த வேலையப் பிடுங்கிட்டு. உங்களுக்கு வந்திருக்கது தூக்க வியாதி இல்ல, வேலை போன துக்கம்."

செண்பகவல்லிக்குச் சுருக்கென்றது. உண்மைதான் என்பதால் கோபமும் வந்தது.

ஆவணி முதல் ஞாயிறு மதியம், நடை சாத்திய வேளையில், மண்டபத்தில் எள் போட இடமில்லை. முன்வரிசையில் சிறப்பு விருந்தாளியாக டாக்டர் ஜெபராணி, பக்கத்தில் தூணோடு தூணாக செண்பகவல்லி. இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று வந்தவள்தான். வாயைத் திறப்பதற்குள் நாயனம் ஓய்ந்து, கதவுக்குப் பின்னால் மேசை நகர ஆரம்பிக்க, அவளுக்குக் கண் செருகிவிட்டது. வைகுண்டம் அண்ணாச்சி தட்டில் வெள்ளிக் கவசத்தோடு படியேறினார். மிஷினைத் தன் மினிபஸ்ஸிலேயே கொண்டுவந்த பெருமையில், சந்தனம் குங்குமம் வைத்த அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினான் ஆவுடையப்பன்.

அப்போது குறட்டை நின்றது.

மண்டபம் மூச்சைப் பிடித்தது. வரவில்லை. பட்டர் கதவில் காதை வைத்தார். வரவில்லை. குழந்தைகள்கூட மூச்சைப் பிடித்து முகம் சிவந்தார்கள். அப்படி ஒரு நீள நிறுத்தம் அதுவரை வந்ததே இல்லை. அந்த அமைதி நேரே போய், ஆழ்ந்த தூக்கத்தில் இருந்த செண்பகவல்லியைத் தட்டியது. அவள் கண்ணைத் திறக்காமலே முழங்கையால் டாக்டர் ஜெபராணியின் விலாவில் ஓர் இடி இடித்து, மண்டபமே அதிரச் சொன்னாள்:

"ஏங்க! திரும்பிப் படுங்க!"

படியில் பெட்டியோடு நின்ற ஆவுடையப்பன், நின்ற நிலையிலேயே இடது பக்கம் திரும்பினான்.

கதவுக்குப் பின்னால் மேசை நகர ஆரம்பித்தது. ஆனால் யாரும் கோவிந்தா சொல்லவில்லை. ஊர் முழுக்க ஆவுடையப்பனையே பார்த்தது.

"ஏல, நீ எதுக்குல திரும்புன?" என்றார் அண்ணாச்சி.

"கூப்பிட்டாள்லா அண்ணாச்சி," என்றான் அவன், சுவரைப் பார்த்தபடியே.

இனி மறைக்க என்ன இருக்கிறது? செண்பகவல்லி எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள்: மேசைச் சத்தம், தெப்பக்குளம், கோலப்பொடி, விளக்குமாறு, தெருவில் குரைத்த நாய், ஒதுங்கிய மாடு, எல்லாம். "நான்தான் தொரத்துனேன். அது இங்க வந்துட்டு. என்னைய என்ன வேணும்னாலும் செய்யுங்க, அதத் திரும்ப எங்க வீட்டுக்கு மட்டும் அனுப்பிராதீங்க. இவுக நெஞ்சு தாங்காது," என்று கைகூப்பினாள். ஆவுடையப்பன் மிஷின் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அது எனக்குள்ளதா?" என்று மெல்லக் கேட்டான். அவ்வளவு கம்பீரத்தை அவனால் நம்ப முடியவில்லை.

அண்ணாச்சியின் முகம் தொங்கிப்போயிற்று. "அப்ப இது சாமி கொறட்டை இல்லையா? ஒரு டிரைவரு கொறட்டைக்கா நாங்க சுண்டலு தின்னோம்?"

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அது கூச்சலாவதற்குள் வரது பட்டர் படியில் இறங்கி வந்தார்.

"யாரோடதா இருந்தா என்னங்காணும்? வெளக்குமாத்தால அடிச்சு வெரட்டினதை இந்த ஊர்ல எவன் சேத்துண்டான்? நீர் சேத்துண்டீரா? நாய் கொலைச்சுது, மாடு ஒதுங்கித்து. போக்கிடம் இல்லாம வந்தது, பெருமாள் சேத்துண்டார். அடைக்கலம்னு வந்ததை மூக்குல மூடி போட்டு வெரட்டுவேளா? அப்பறம் நாளைக்கு நீங்க போய் எந்த மூஞ்சியோட அடைக்கலம் கேப்பேள்?"

பட்டர் அந்த வேகத்திலேயே கதவைத் திறந்து உள்ளே போனார், போன வேகத்தில் திரும்பி வந்தார். காலையில் அவர் சாத்திய துளசி மாலை, இடது பக்கம் நசுங்கிக் கிடந்தது. பட்டுப் பீதாம்பரம், ஆண்பிள்ளைகள் புரண்டு படுத்தால் வேட்டி நழுவுமே, அதேபோல் நழுவிக் கிடந்தது. அவர் அதை மட்டும் சொன்னார். டாக்டர் ஜெபராணி விலாவைத் தடவிக்கொண்டே, "ஒருக்களிச்சுப் படுத்தா கொறையும்னு நான்தான் சொன்னேன்லா," என்றாள். அன்றைக்கு முதல்முறையாக அவள் சிரித்ததை ஊர் பார்த்தது.

அதன்பிறகு எல்லாம் அதனதன் இடத்தில் அமர்ந்துவிட்டது. சர்க்கரைப் பொங்கல் நெய்யோடு திரும்பி வந்தது, பல்லக்குத் தூக்கிகள் பழைய சதை போட்டார்கள். வெள்ளிக் கவசம் வீணாகக் கூடாது என்று அண்ணாச்சி அதைத் துவாரபாலகர் ஒருவருக்கு மாட்டிவிட்டார்; தூசி ஒவ்வாமைக்கு அவரிடம் வேண்டிக்கொண்டால் நல்லது என்று ஒரு பேச்சு இருக்கிறது. செண்பகவல்லிக்குக் கோயிலில் ஒரு பொறுப்பு கொடுத்தார்கள். நடை சாத்தியிருக்கும் மதிய வேளையில் அவள் தூணடியில் விழித்து உட்கார்ந்திருக்க வேண்டும். குறட்டை நின்றால், "ஏங்க" என்பது சரியில்லை என்று பட்டர் திருத்திக் கொடுத்தபடி, "சாமி, திரும்பிப் படுங்க" என்று சொல்ல வேண்டும். அதற்கு மாலை மரியாதையும் ஒரு தொன்னைப் பொங்கலும் உண்டு. பகல் தூக்கம் போயிற்று, போன வேலை கிடைத்தது. ரவிக்கைகளுக்கு மறுபடி இரண்டு கையும் ஒரு கழுத்தும் வந்தன.

ஆனாலும் அந்தப் பொறுப்பை ஏற்ற முதல் நாள் ராத்திரி, வீட்டில் விளக்கணைத்துப் படுத்ததும், அந்த அமைதி மறுபடி வந்து அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டது. பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை. பழக்கத்தில் முழங்கையால் மெல்ல ஓர் இடி இடித்துவிட்டு, விரலை அவன் மூக்கடிக்குக் கொண்டுபோனாள். விரல் முகமூடியைத் தொடுவதற்கு முன்பே, அதற்குள்ளிருந்து, கண் திறக்காத குரலில் ஆவுடையப்பன் சொன்னான்:

"இருக்கேன்ளா. தூங்கு."

அவள் விரலை எடுத்தாள். கொஞ்ச நேரம் முகட்டைப் பார்த்துக் கிடந்தாள். கண்ணில் நீர் வந்து காதுக்குள் இறங்கியது. பிறகு, கல்யாணமான நாள் முதல் தூங்காத தூக்கத்தையெல்லாம் சேர்த்துத் தூங்கினாள்.

சற்றுப் பொறுத்து அவளிடமிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. பெரிதாக ஒன்றும் இல்லை. மெல்லிய துணியில் தையல் மிஷின் ஓடுகிற அளவுக்குச் சன்னமான ஒரு குறட்டை. ஆவுடையப்பன் விழித்துக்கொண்டான். முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, ஒருக்களித்துப் படுத்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். காலையில் டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். விளக்குமாறு சாத்தி வைத்திருந்த மூலைப் பக்கம் அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.